ஏழாம் எண்

காலை ஏழரைக்குள் வாய் சுத்தமாக இருக்க வேண்டும்.
பற்பசை கூடாது, காப்பி கூடாது.
நேற்றிரவு பூண்டு தின்றிருந்தால்
இன்று எனக்கு விடுப்பு.
எஸ்தெலியில் இப்படியும் ஒரு வேலை உண்டு,
நாக்கைப் பட்டினி போட்டுச் சம்பளம் வாங்குவது.

காகித வளையம் கழற்றிய ஐந்து சுருட்டுகள்
தட்டில் பெயரில்லாமல் கிடக்கின்றன.
எண் மட்டும்.
யார் சுற்றியது, எந்த வயல், எந்த ஆண்டு
எதுவும் சொல்ல மாட்டார்கள்.
சொன்னால் நாக்குக்குக் காது முளைத்துவிடும்
என்பார் டோன் எவெனோர்.

பற்றவைக்குமுன் வெறுமனே ஒருமுறை இழுப்பேன்.
குளிர்ந்த இலைக்குப் பொய் வராது.
மூன்றாம் எண்: வெல்லம் காய்ச்சிய அடுப்பு, மறுநாள் காலையில்.
நான்காம் எண்: மழையில் நனைந்த பேருந்து இருக்கை,
திடீரென்று மிளகு,
மூக்கு வழியே புகையை விடும்போது
யார் வீட்டிலோ புதிதாக அடித்த சுண்ணாம்பு.

இப்படித்தான் எழுதுவேன் தாளில்.
மாடி அறையில் மாற்றிவிடுவார்கள்.
பேருந்து இருக்கை ‘தோல்’ ஆகும்,
அடுப்பு ‘கோக்கோ’ ஆகும்,
சுண்ணாம்பை என்ன செய்வார்களோ,
பெட்டியின் மேல் ஒருமுறை ‘தேவதாரு’ என்றிருந்தது.
ஜெர்மனியில் ஒருவர் அதைப் படித்துவிட்டு
ஆமாம், தேவதாருதான் என்று
கண்மூடித் தலையாட்டியிருப்பார்.

ஏழாம் எண்ணில் நின்றுவிட்டேன்.
போர்வை இலையில் ஒரு குறை இல்லை.
எண்ணெய் மினுக்கம், மெலிந்த நரம்பு,
சாம்பல் வெள்ளையாய், கெட்டியாய், உதிராமல்.
இழுத்தால் மட்டும்
கன்னம் இரண்டும் உள்ளே போய் முட்டிக்கொண்டன.
விரலில் உருட்டிப் பார்த்தேன்.
நெருப்புக்கு ஓர் அங்குலம் மேலே
முடிச்சு.
லிகேரோ இலை மடிந்து, திருகிக்கொண்டு.
பூரணத்தை இடது கட்டைவிரலால் அழுத்தும் கை.
இந்த ஆலையில் இடக்கையன் ஒருவன்தான்.
ஒன்பது வருடம் அந்தக் கட்டைவிரல்
என் தோளில் இருந்தது.

நாக்குக்குக் காதில்லை, சரி.
விரலுக்கு ஞாபகம் இருக்கிறதே.

இழுப்பு: பத்துக்கு மூன்று.
எழுதிவிட்டு அழித்து நான்கு போட்டேன்.
நான்கை அழித்தபோது தாள் கிழிந்தது.
மூன்றென்றால் அன்று சுற்றிய முந்நூறையும் பிரிப்பார்கள்,
கூலியில் பிடிப்பார்கள்,
அவனுக்குப் போர்வை சுற்றித்தரும் ஹெய்லிங்குக்கும் சேர்த்து.
அந்தப் பெண் என்னை ஒன்றும் செய்ததில்லை.
நான்கென்றால் பெட்டிக்குள் போகும்.
எங்கோ ஒருவர் மகளின் கல்யாணத்தன்று பற்றவைத்து
மூச்சுமுட்டி
“ஈரம் போலிருக்கிறது” என்று கீழே வைப்பார்.

பாதியில் தீர்ப்புச் சொல்வதில்லை, விதி அது.
கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
நெருப்பு முடிச்சைத் தாண்டியது.
திறந்துகொண்டது.
அதன்பின் வந்ததை என்னவென்று எழுத?
ஆரஞ்சு உரித்த விரல்,
வெயில் பட்ட ஈரத் தகரம்,
பிறகு பேரே இல்லாத ஓர் இனிப்பு,
இரண்டு குவளைத் தண்ணீருக்கும் அசையாமல்.

பின்சுவை: ஒன்பது.
இழுப்பு: மூன்று.
புதுத் தாள் வாங்கி மையில் எழுதினேன்.

மாலை நிறுத்தத்தில் உல்வின் நின்றிருந்தான்,
இடது கட்டைவிரலில் அழுக்கேறிய கட்டு.
“முந்நூறையும் பிரித்துவிட்டார்கள்” என்றான்.
எனக்கு எண் மட்டும்தான் தெரியும் என்றேன்.
“முழுசும் புகைத்தாயா?”
விதி அது.
“அப்படியென்றால் சரி.”
கொண்டேகா பேருந்தில் ஏறிப் போனான்,
உட்கார இடமில்லை, கம்பியை வலக்கையால் பிடித்துக்கொண்டு.

வீடு வந்தும் நாக்கில் ஆரஞ்சு.
நாளை விடுப்பு என்று முடிவுசெய்து
பூண்டு வதக்கினேன்,
நிறைய.